கல்லறைக் கல்லில் தெரிந்த அப்பா: டிக்கன்ஸின் கற்பனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்லஸ் டிக்கன்ஸைப் பள்ளிக்கூடத்தில் சுருக்கமாகப் படித்தவர்களும், முழு நாவலை வாங்கிவைத்துவிட்டு 50ஆம் பக்கத்தில் நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் வரலாறு இங்கே அதிகம் வராது. அந்த மனிதர் எப்படிப் பார்த்தார், பார்த்ததை எப்படிச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டிக்கன்ஸின் கற்பனை என்று எதைச் சொல்கிறார்கள்? கதைப்பின்னலையா?

கதைப்பின்னல் அவருடைய பெரிய பலம் என்று நான் சொல்லமாட்டேன். மறைத்துவைத்த உயில், திடீர் வாரிசு, கடைசி அத்தியாயத்தில் தெரியவரும் அம்மா என்று பலதும் அந்தக் காலத்து நாடகக் கொட்டகைச் சரக்குதான். அவரிடம் இருந்தது வேறு. அதற்கு 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முதல் பக்கத்தைப் பார்த்தால் போதும்.

பிப் என்ற சிறுவன் பெற்றோரைப் பார்த்ததே இல்லை. புகைப்படம் எல்லாம் வருவதற்கு முந்தைய காலம். அவனிடம் இருப்பது கல்லறைக் கல் மட்டும்தான். அதில் அப்பாவின் பெயரைச் செதுக்கிய எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து, அப்பா சதுரமாக, தடியாக, கறுத்த நிறத்தில், சுருட்டை முடியோடு இருந்திருப்பார் என்று அவனாக ஒரு முடிவுக்கு வருகிறான். அதன் கீழே 'மேற்படியாரின் மனைவி ஜார்ஜியானாவும்' என்று செதுக்கியிருக்கிறது. அந்த எழுத்தின் சாயலை வைத்து அம்மாவுக்கு முகத்தில் புள்ளிகள் இருந்தன, நோஞ்சானாக இருந்தாள் என்றும் தீர்மானிக்கிறான். பக்கத்தில் வரிசையாக ஐந்து சின்னக் கற்கள், குழந்தையிலேயே செத்துப்போன ஐந்து தம்பி அண்ணன்களுக்கு. அவர்கள் எல்லோரும் மல்லாந்தபடி, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே பிறந்து, கடைசிவரை கையை வெளியே எடுக்காமலே போய்விட்டார்கள் என்பது பிப்பின் நம்பிக்கை.

இதைப் படித்தால் முதலில் சிரிப்பு வரும். ஒரு நிமிஷம் கழித்து, அனாதைப் பையன் ஒருவன் எழுத்து ஓரத்தைத் தடவி அப்பாவின் முகத்தைத் தேடுகிறான் என்று உறைக்கும். கதை இன்னும் தொடங்கவே இல்லை. டிக்கன்ஸின் கற்பனை என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். கிடைத்த ஒரு பொருளைக் குழந்தை பார்ப்பதுபோல முறைத்துப் பார்ப்பது, அதற்குள்ளிருந்து ஓர் ஆளை எழுப்புவது.

இதெல்லாம் அவர் நேரில் பார்த்ததா, மனத்தில் தோன்றியதா?

அவர் விஷயத்தில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். எல்லோரும் சொல்லும் அந்த ஷூ பாலிஷ் கிடங்குக் கதையை நானும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1824இல் அவருக்கு 12 வயது. அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. வரவுக்கு மேல் செலவு, கடைசியில் கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பையனைத் தேம்ஸ் நதிக்கரையில் எலிகள் ஓடும் ஓர் இடிந்த கட்டடத்தில் வேலைக்கு விட்டார்கள். பாலிஷ் ஜாடியின் வாயை முதலில் எண்ணெய்க் காகிதத்தாலும் மேலே நீலக் காகிதத்தாலும் மூட வேண்டும், நூலால் கட்ட வேண்டும், ஓரத்தை ஒழுங்காக வெட்டி அச்சடித்த லேபிளை ஒட்ட வேண்டும். வாரத்துக்கு 6 ஷில்லிங். முதல் நாள் நூல் கட்டக் கற்றுக்கொடுத்த பையனின் பெயர் பாப் ஃபேகின். பின்னாளில் 'ஆலிவர் ட்விஸ்ட்' எழுதும்போது திருட்டுக் கும்பல் தலைவனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். தன்னிடம் அன்பாக இருந்தவனின் பெயரை ஏன் அப்படி வைத்தார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அந்த நாட்களில் அவர் போய் உட்காரும் காபிக் கடை ஒன்றின் கதவில் முட்டை வடிவக் கண்ணாடி இருந்தது. அதில் 'காபி ரூம்' என்று ஆங்கிலத்தில் தெருப்பக்கம் பார்த்து எழுதியிருந்தார்கள். உள்ளே இருப்பவருக்கு அது பின்னிருந்து முன்னாக 'மூர் எஃபாக்' என்று தெரியும். பெரியவரான பிறகும், வேறு எந்தக் கடையிலாவது அப்படித் தலைமாறிய எழுத்தைப் பார்த்துவிட்டால் உடம்பில் ஒரு அதிர்ச்சி ஓடும் என்று எழுதியிருக்கிறார். தினமும் பார்க்கும் ஒரு சொல், உள்ளே மாட்டிக்கொண்டவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அர்த்தமில்லாத மந்திரம் ஆகிவிடுகிறது. அவருடைய நாவல்களில் லண்டன் முழுவதும் இப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. சிறைக்கு அப்பாவைப் பார்க்கப் போகும் வழியில், குடும்பத்துக்கு வேலை செய்த அனாதைப் பெண்ணை லண்டன் பாலத்தருகே சந்திப்பார். சிறைக் கதவு திறக்கும்வரை அவளுக்குத் துறைமுகத்தைப் பற்றியும் கோட்டையைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி அளந்துவிடுவார். 'நானும் அதையெல்லாம் நம்பியிருப்பேன் என்றே நம்புகிறேன்' என்று பிற்காலத்தில் சொன்னார். வயிறு காய்ந்துகொண்டிருக்கும்போது கதை விடுகிற பையன். இந்தக் காலத்தைப் பற்றி அவர் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் எழுதிக்கொடுத்திருந்தார். டிக்கன்ஸ் இறந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

சின்ன வயதில் அவருக்குக் கதை சொன்னது யார்?

அப்பாவிடம் கொஞ்சம் புத்தகங்கள் இருந்தன. 'ஆயிரத்தொரு இரவுகள்', 'டான் குவிக்ஸாட்', 'ராபின்சன் குரூசோ' எல்லாம் அதில் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய ஆயா முக்கியம்.

அந்த ஆயா தினமும் ராத்திரி 'கேப்டன் மர்டரர்' என்பவனின் கதையைச் சொல்வாளாம். இவன் கல்யாணம் செய்துகொள்வான், ஒரு மாதம் கழித்து மனைவியிடம் தங்கப் பூரிக்கட்டையையும் வெள்ளிப் பலகையையும் கொடுத்து மாவு உருட்டச் சொல்வான். 'உள்ளே வைக்க இறைச்சி எங்கே?' என்று அவள் கேட்டால், 'கண்ணாடியைப் பார்' என்பான். அப்புறம் அவளையே வெட்டி, மிளகும் உப்பும் தூவி, மாவுக்குள் வைத்துச் சுடக் கொடுத்து, மொத்தத்தையும் தின்றுவிட்டு எலும்பைச் சப்புவான். கடைசியில் ஒருத்தி விஷம் குடித்துவிட்டுத் தன்னைத் தின்னக் கொடுக்கிறாள். அவன் ஊதி, நீலமாகி, வெடித்துச் சாகிறான். கதை தொடங்கும்போது ஆயா இரண்டு கையாலும் காற்றைப் பிறாண்டி, அடித்தொண்டையில் முனகுவாளாம். கேட்டவர் அப்போது சின்னஞ்சிறு பையன்.

அந்தப் பலகையும் பூரிக்கட்டையும்தான் விஷயம். கொலைகாரன் கதையில் மிளகு எதற்கு? ஆனால் மிளகு வந்ததும் பயம் நம் சமையலறைக்குள் வந்துவிடுகிறது. டிக்கன்ஸ் ஆயுள் முழுவதும் இதையே செய்தார். தேவையில்லாத ஒரு சின்ன விவரத்தைக் கூடுதலாகத் தூக்கிப்போடுவார், பொய் மொத்தமும் நிஜமாகிவிடும்.

பாத்திரங்களின் குரல் அவர் காதில் உண்மையிலேயே கேட்டது என்கிறார்களே?

அவரே சொன்னதுதான். பாத்திரங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் தன் காதில் தெளிவாகக் கேட்கிறது என்று விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸிடம் சொல்லியிருக்கிறார். லூயிஸுக்கு அறிவியலில் ஈடுபாடு அதிகம். டிக்கன்ஸ் இறந்தபிறகு எழுதிய கட்டுரையில், இது கிட்டத்தட்ட பிரமைக்குப் பக்கத்தில் வருகிறது என்றார். அதில் பாராட்டும் இருந்தது, கொஞ்சம் குத்தலும் இருந்தது.

மகள் மேமி எழுதிவைத்த காட்சி இன்னும் நெருக்கமானது. உடம்பு சரியில்லாமல் இருந்தபோது அப்பாவின் அறையில் சோபாவில் படுத்திருக்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. டிக்கன்ஸ் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து கண்ணாடிக்கு ஓடினார். முகத்தைக் கோணல்மாணலாக வைத்துப் பார்த்தார். மேசைக்குத் திரும்பிப் படபடவென்று எழுதினார். மறுபடி கண்ணாடி. அப்புறம் அவள் பக்கம் திரும்பினார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. தாழ்ந்த குரலில் வேகமாக ஏதோ பேசினார். பிறகு உட்கார்ந்து மதியச் சாப்பாடுவரை சத்தமில்லாமல் எழுதினார். எழுதிக்கொண்டிருந்த ஆளாகவே அவர் மாறியிருந்தார் என்பது வளர்ந்தபிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

தொடர்கதையாக எழுதியதால் அவர் கதை சொல்லும் முறை மாறியதா?

மாறியது என்பதைவிட, அந்த முறையே தொடரில்தான் உருவானது.

1836 ஏப்ரலில் 'பிக்விக் பேப்பர்ஸ்' தொடங்கியது. அதுகூட அவர் யோசனை இல்லை. ராபர்ட் சீமோர் என்ற ஓவியர் வேட்டைக்காரர்களைக் கேலி செய்து படம் போடுவார், பக்கத்தில் கொஞ்சம் எழுத்து வேண்டும் என்று 24 வயது நிருபரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது இதழ் முடிவதற்குள் சீமோர் தற்கொலை செய்துகொண்டார். அதற்குப்பிறகு எழுத்து முன்னால் வந்தது, படம் பின்னால் போனது. நான்காவது இதழில் சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் விடுதி முற்றத்தில் பூட்ஸ் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஆயிரம் பிரதியில் தொடங்கியது, முடியும்போது 40,000 ஆகியிருந்தது.

கணக்கு இப்படி: மாதம் ஓர் இதழ், 32 பக்கம், இரண்டு படம், பச்சை அட்டை, விலை ஒரு ஷில்லிங். மொத்தம் 20 பகுதி, கடைசி இரண்டும் சேர்ந்து வரும், ஆக 19 மாதம். அப்போது மூன்று பாகமாக வரும் நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அதை ஒரே மூச்சில் கொடுக்க முடியாத குடும்பம், மாதம் ஒரு ஷில்லிங் கொடுத்து முழு நாவலையும் 20 ஷில்லிங்குக்கு வாங்கிவிடும். சேர்த்துவைத்து பைண்டு செய்துகொள்வார்கள். வாரப்பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது எழுதுகிறவர் பக்கத்திலிருந்து யோசியுங்கள். வாசகர் ஒரு மாதம் கழித்துத்தான் அடுத்ததைப் படிக்கப்போகிறார். 30 பேர் உலாவும் கதையில் யார் யார் என்று எப்படி நினைவிருக்கும்? அதனால்தான் டிக்கன்ஸின் ஆட்களுக்கு ஒரு சொல், ஒரு சேட்டை, ஒரு பொருள் ஒட்டிக்கொண்டே வரும். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் வக்கீல் ஜாகர்ஸ் ஒவ்வொரு கட்சிக்காரர் போனதும் வாசனை சோப்பால் கை கழுவுவார். 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலின் ஊரியா ஹீப் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, 'நான் ரொம்பச் சாதாரண ஆள்' என்பான். 'கேலிச்சித்திரம்' என்று விமர்சகர்கள் திட்டுவதில் பாதி, தொடர்கதையின் தேவையிலிருந்து பிறந்தது. மீதிப் பாதியைத்தான் அவர் கலையாக மாற்றினார். ஜாகர்ஸின் சோப்பு முதலில் அடையாளம். நாலாவது தடவை வரும்போது அந்த மனிதரின் மனசாட்சியே அதுதானோ என்று தோன்ற ஆரம்பிக்கும்.

வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று வாங்கினாராம், அதனால்தான் நீட்டினாராமே?

இல்லை. இதழுக்கு இவ்வளவு என்றுதான் ஒப்பந்தம், பக்கக் கணக்கும் முன்பே முடிவானது. நீட்டினால் அச்சகத்தில் வெட்டத்தான் வேண்டியிருக்கும். வாரத் தொடராக வந்த 'ஹார்ட் டைம்ஸ்' எழுதும்போது அவர் புலம்பியது இடம் போதவில்லை என்றுதான்.

முழுக் கதையையும் முன்பே யோசித்து வைத்திருந்தாரா?

'பிக்விக்'கில் ஒன்றும் கிடையாது, போகிற போக்குதான். 1846இல் 'டோம்பி அண்ட் சன்' தொடங்கியபோது கதை வேறு. ஒவ்வோர் இதழுக்கும் ஒரு தாள் எடுத்து நடுவில் பிரிப்பார். வலப்பக்கம் அத்தியாயத் தலைப்புகள். இடப்பக்கம் தனக்குத்தானே கேள்வி, தானே பதில். 'இவரை இந்த மாதம் கொண்டுவரலாமா?' 'வேண்டாம், அடுத்த மாதம்.' இப்படிப் போகும். 'ப்ளீக் ஹவுஸ்' குறிப்பில் தெருப் பையன் ஜோவைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: 'ஜோ? ஆம். கொன்றுவிடு.' அந்தச் சாவைப் படித்து அழாத வாசகர் குறைவு. எழுதிய மனிதர் தாளின் ஓரத்தில் மளிகைச் சாமான் பட்டியல்போலக் குறித்துவைத்திருக்கிறார். இந்தத் தாள்கள் பல இன்றும் லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த விசித்திரமான பெயர்கள் எங்கிருந்து வந்தன?

பெயர் அமையாமல் அவருக்கு எழுத்து ஓடாது. 'மார்ட்டின் சஸல்விட்' என்று முடிவாகும் முன் ஸ்வீஸில்டன், ஸ்வீஸில்வாக், சஸல்டோ, சஸல்பாய், சஸல்விக் என்று வாயில் போட்டு மென்று பார்த்திருக்கிறார். 1855 முதல் ஒரு குறிப்பேட்டில் பெயர்ப் பட்டியலே சேர்த்துவைத்தார். அர்த்தம் பார்த்து வைத்த பெயர்கள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் ஓசை. தமிழில் படிக்கும்போது இந்த ஓசை விளையாட்டில் பெரும்பகுதி போய்விடும், அதற்கு வழி இல்லை. டேவிட் காப்பர்ஃபீல்டின் முதலெழுத்துகள் தன் முதலெழுத்துகளைத் திருப்பிப்போட்டவை என்பது ஃபார்ஸ்டர் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம், திடுக்கிட்டுப் போனார்.

'ப்ளீக் ஹவுஸ்' முதல் பக்கத்திலேயே கதை நகரவில்லையே?

நானும் மூன்று முறை அங்கேயே நின்றவன்தான், அதனால் கோபம் புரிகிறது.

முதல் வாக்கியம் ஒரே சொல்: 'லண்டன்.' அதற்குப்பிறகு பக்கக்கணக்கில் சேறும் மூடுபனியும். வெள்ளம் இப்போதுதான் பூமியைவிட்டு வடிந்ததுபோல அவ்வளவு சேறு. ஹோல்போர்ன் மேட்டில் 40 அடி நீள மெகலோசாரஸ் ஒன்று யானை அளவுப் பல்லியாட்டம் ஆடி ஆடி ஏறி வந்தாலும் ஆச்சரியமில்லை என்கிறார். இது 1852. அந்த விலங்குக்குப் பெயர் வைத்தே 30 வருஷம்கூட ஆகவில்லை. புகைபோக்கிகளிலிருந்து கரித்துகள் பனிச்செதில்போல விழுகிறது, சூரியன் செத்துப்போனதற்குத் துக்கம் காக்கிறதாம். மூடுபனி ஆற்றில் இருக்கிறது, பாலத்தில் இருக்கிறது, கப்பல் தலைவனின் புகைக்குழாய்க்குள் போகிறது, கப்பல் மேல்தளத்தில் நடுங்கும் எடுபிடிப் பையனின் கால்விரலைக் கிள்ளுகிறது.

இந்தப் பத்திகளில் பெரும்பாலான வாக்கியங்களுக்கு வினைமுற்றே கிடையாது. யாரும் எதையும் செய்து முடிப்பதில்லை. கடைசியில் பனியின் நட்டநடுவில், உயர்நீதிமன்றத்தில் நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், பல தலைமுறையாக முடியாத சொத்து வழக்கு ஒன்று நடக்கிறது. அப்போதுதான் புரியும், நாம் படித்தது வானிலை அறிக்கை இல்லை, அந்த வழக்கைத்தான். கதை நகரவில்லை என்று நமக்கு வரும் எரிச்சலே கதை. சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். முதல் தடவை வாய்விட்டுப் படியுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை.

அவருடைய ஆட்கள் எல்லாம் தட்டையானவர்கள் என்பது சரியா?

நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் (டிக்கன்ஸின் நண்பர் ஃபார்ஸ்டர் வேறு) 1927இல் தட்டை, உருண்டை என்று பாத்திரங்களைப் பிரித்தபோது டிக்கன்ஸின் ஆட்களைத் தட்டையில்தான் சேர்த்தார். ஆனால் தட்டையாக இருந்தும் மனித ஆழம் எப்படியோ வந்துவிடுகிறது என்று அவரே வியந்தார். திருமதி கேம்ப்பைச் சொன்னால் இது விளங்கும்.

'மார்ட்டின் சஸல்விட்'டில் வரும் செவிலி இவள். பிரசவமும் பார்ப்பாள், பிணத்தையும் குளிப்பாட்டுவாள். சாராய வாடை, தொளதொள குடை. அந்தக் குடை எவ்வளவு பிரபலம் என்றால், ஆங்கிலத்தில் குடைக்கே அவள் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் வாயைத் திறந்தால் திருமதி ஹாரிஸ் வருவாள். 'திருமதி ஹாரிஸ் என்னிடம் சொன்னாள், உன்னைப்போல ஒரு நிதானமான பொம்பளை உண்டா என்று. நான் சொன்னேன்...' இப்படித் தன்னைப் பற்றிய நற்சான்றிதழ் எல்லாம் ஹாரிஸ் வாயிலிருந்து வரும். ஹாரிஸுக்குப் புருஷன் உண்டு, பிள்ளைகள் உண்டு, உடம்புக்கு வருவதும் உண்டு. ஒன்றே ஒன்றுதான் இல்லை: யாரும் அவளைப் பார்த்ததில்லை.

ஒருநாள் சக செவிலி பெட்ஸி பிரிக் விருந்துக்கு வருகிறாள். ஊறவைத்த சால்மன் மீன், வெள்ளரிக்காய், தேநீர்க் கெண்டியில் தேநீர் இல்லாத வேறு ஏதோ. போதை ஏற ஏறப் பேச்சு தடிக்கிறது. திருமதி ஹாரிஸ் பெயர் மறுபடி வந்ததும் பெட்ஸி வெடிக்கிறாள்: 'அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றே நான் நம்பவில்லை!'

கேம்ப் அதிர்ந்துபோகிறாள். மாட்டிக்கொண்டோமே என்ற வெட்கம் இல்லை, செத்தவீட்டுத் துக்கம். 35 வருஷமாக எனக்குத் தெரிந்தவளை இல்லை என்கிறாயா என்று குமுறுகிறாள். வாசகருக்கு அந்த நேரத்தில் பெட்ஸிமேல்தான் கோபம் வரும். தனியாகக் கிடக்கும் ஏழைக் கிழவி தனக்காக உண்டாக்கிக்கொண்ட ஒரே சிநேகிதியை ஒரே வாக்கியத்தில் கொன்றுவிட்டாளே! கேம்ப் செய்ததும், லண்டன் பாலத்தருகே அனாதைப் பெண்ணிடம் கதை அளந்த அந்தப் பையன் செய்ததும் ஒரே வேலைதானே? டிக்கன்ஸ் தன் தொழிலைப் பற்றி எழுதிய மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் கட்சி.

அழவைப்பது கொஞ்சம் அதிகமில்லையா?

அதிகம்தான். 'தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' நாவலில் நெல் என்ற சிறுமி சாகும் பகுதியை இன்று என்னால் வேகமாகத்தான் தாண்ட முடிகிறது. அன்று கதை வேறு; அது தொடராக வந்த வாரப்பத்திரிகை 1,00,000 பிரதிவரை போனது. அதன் பின்னால் சொந்தத் துக்கமும் இருந்தது. 1837இல் 17 வயது மைத்துனி மேரி ஹோகார்த் திடீரென இறந்தபோது, அந்த ஒரு மாதம் மட்டும் அவரால் தொடரை எழுதவே முடியவில்லை. நெல்லை எழுதும்போது அந்தக் காயம் மறுபடி திறந்துகொண்டது. எழுதியவருக்கு வலித்தது உண்மை, எழுத்து கொழகொழத்ததும் உண்மை.

வாசகர்கள் சொன்னதைக் கேட்டுக் கதையை மாற்றியிருக்கிறாரா?

நிறைய. 'டேவிட் காப்பர்ஃபீல்டு' தொடரில் மிஸ் மௌச்சர் என்ற குள்ளமான பெண்ணை ஒரு மாதிரியான ஆளாக அறிமுகம் செய்தார். அதே தொழில் செய்த, அதே உயரமுள்ள ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, இது என்னைத்தான் குறிக்கிறது என்று மனம் நொந்து கடிதம் எழுதினார். பின்னால் வந்த இதழில் மௌச்சர் நல்லவளாகத் திரும்பி வந்தாள்.

பெரிய விஷயம் ஃபேகினுடையது. 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் பேரைச் சொல்லாமல் 'அந்த யூதன்' என்றே நூற்றுக்கணக்கான இடத்தில் எழுதியிருந்தார். 1863இல் எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி, இது எங்கள் இனத்துக்கே செய்த அநியாயம் என்று எழுதினார். டிக்கன்ஸ் முதலில் சமாளித்தார். பிறகு 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' நாவலில் ரையா என்ற நல்ல யூதரைப் படைத்தார், 1867 பதிப்பில் ஃபேகினைக் குறிக்கும் அந்தச் சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். ஆனால் ரையா அட்டைப் பொம்மை. ஃபேகினோ இன்னும் நெருப்பருகே நின்று தொத்திறைச்சி வறுத்துக்கொண்டிருக்கிறான். குற்றவுணர்ச்சியால் திருத்தத்தான் முடியும், உயிர் கொடுக்க முடியாதுபோல.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவையும் நண்பர் புல்வர் லிட்டன் சொல்லி மாற்றினார். பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் தெருவில் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிப் பிரிவதுதான் முதலில் எழுதியது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

ராத்திரியில் மைல்கணக்கில் நடப்பாராமே?

ஆமாம். 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையை 1843இல் ஆறே வாரத்தில் எழுதியபோது, ஊர் உறங்கிய பிறகு 15, 20 மைல் லண்டன் தெருக்களில் நடந்து, அழுது, சிரித்து, மறுபடி அழுது கதையை யோசித்ததாக எழுதியிருக்கிறார். டிசம்பர் 19 அன்று வெளியான புத்தகம் கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதி விற்றது. தூக்கமில்லாத இரவுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், மனநோய் மருத்துவமனைச் சுவரோரம் நடந்தபடி, கனவு காணும்போது நாமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றுதானே என்று யோசிப்பார்.

மேடையில் படித்தது எப்படி இருந்தது?

1858 முதல் காசு வாங்கிக்கொண்டு படித்தார். சாயம், வேஷம் கிடையாது. ஒரு மேசை, மேலே எரிவாயு விளக்கு, குரல், முகம், அவ்வளவுதான். சுமார் 470 நிகழ்ச்சிகள், அமெரிக்காவிலும். கண்ணாடி முன் அவர் தனியாகச் செய்தது இப்போது ஆயிரம் பேர் முன்னால்.

1869இல் 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் சைக்ஸ் நான்சியை அடித்துக் கொல்லும் பகுதியைச் சேர்த்தார். கிளிஃப்டன் நகரில் பெண்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். முடிந்ததும் அவரையே சோபாவில் படுக்கவைக்க வேண்டியிருந்தது. மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் உடம்பு விழுந்து பயணத்தை நிறுத்தியும், அடுத்த ஆண்டு லண்டனில் மறுபடி மேடை ஏறினார்.

முதன்முதலில் எதைப் படிக்கலாம்?

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. அளவு சிறியது, யோசனை பெரியது. சிரிக்க வேண்டுமென்றால் 'டேவிட் காப்பர்ஃபீல்டு'. அதில் வரும் மிகாபர் 20 பவுண்டு வருமானத்தில் 6 பென்ஸ் மிச்சமானால் ஆனந்தம், வருமானத்தைவிடச் செலவு 6 பென்ஸ் கூடினால் துயரம் என்று கணக்குச் சொல்வார். மார்ஷல்சீயில் அப்பா மகனுக்குச் சொன்ன புத்திமதிதான், தொகை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 'ப்ளீக் ஹவுஸ்' மூன்றாவதாக. சுருக்கப் பதிப்புகளை வாங்காதீர்கள். முதலில் வெட்டுவது அந்தத் தேவையில்லாத விவரங்களைத்தான்.

கடைசி நாவல் 'எட்வின் ட்ரூட்' எப்படி முடிந்திருக்கும்?

காணாமல்போன எட்வின் கொலையானானா, கொலை என்றால் செய்தவன் மாமா ஜாஸ்பர்தானா என்று 150 வருஷமாகச் சண்டை. 12 இதழ்கள் திட்டம், ஆறுக்குத்தான் கதை இருக்கிறது. யார் எழுதிய முடிவையும் நான் படித்துத் திருப்திப்பட்டதில்லை.

1870 ஜூன் 8 அன்று, கெண்ட் பகுதியில் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த மரவீட்டில் உட்கார்ந்து எழுதினார். வழக்கமாகக் காலையில் மட்டும் எழுதுபவர், அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் போய் எழுதினார். மாலை உணவு மேசையில் பக்கவாதம் வந்து சரிந்தார், மறுநாள் இறந்தார். அன்று எழுதிய கடைசிப் பத்தியில் டாச்செரி என்ற மர்ம ஆள் தன் வீட்டு அலமாரிக் கதவைத் திறக்கிறான். துப்புக் கிடைக்கும்போதெல்லாம் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவைப்பது அவன் பழக்கம். அன்று கிடைத்தது பெரிய துப்பு. கதவின் மேலிருந்து கீழ்வரை தடித்த ஒரு கோட்டை இழுத்துவிட்டு, நல்ல பசியோடு காலைச் சாப்பாட்டில் உட்காருகிறான்.